கலங்கல் தண்ணீரில் எக்கோ சவுண்டர் தரையைக் காட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு ஆழம் சொல்லும் கருவிதான் எக்கோ சவுண்டர். ஆடியில் அதை எடுத்துக்கொண்டு மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆழம் அளக்கப் போனவர்களுக்கு இது பழகின காட்சி. கோட்டையூர்ப் பரிசல் துறையில் கிளம்பும்போது திரையில் தரை கெட்டியான கோடாக ஓடும். புதுத்தண்ணீர் வரும் பக்கம் போகப் போக அந்தக் கோடு மங்கும், புள்ளி புள்ளியாகச் சிதறும், அப்புறம் வெறும் திரை. படகில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "சேறு சத்தத்தைத் தின்னுடுச்சு, தெளிஞ்சதும் வரலாம்."

சேறு சத்தத்தைத் தின்னும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடாமலே பழியைப் போடுகிறோம், அதுதான் வம்பு. என் கையில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சேறு காரணமே இல்லை. ஆகவே கிளம்பி வீட்டுக்கு வருவதற்கு முன் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேறு எப்படித் தின்கிறது

ஒலி கடக்கும்போது தண்ணீர் முன்னும் பின்னும் துடிக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸ் கருவி என்றால் நொடிக்கு 2 லட்சம் தடவை. அதில் மிதக்கும் மண் துகள் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். தண்ணீர் இழுத்த இழுப்புக்கு உடனே கூட வராது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு மணிக்குள் கிடக்கும் பரலை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எடுத்து வைத்ததும் மணி நகர்ந்துவிடும், பரல் பின்தங்கி மோதும். கொலுசில் அந்தப் பின்தங்கலால்தான் ஓசை பிறக்கிறது. தண்ணீரிலோ பின்தங்கிய துகளை நீர் உரசிக்கொண்டு போகிறது, அந்த உரசலில் ஒலியின் ஆற்றல் சூடாகி அடங்கிவிடுகிறது.

துகளின் அளவு இதில் ரொம்ப முக்கியம். மிக நுண்ணிய துகள் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டே ஆடிவிடும், உரசலுக்கு இடமில்லை. மணல் போலப் பெரிய துகள் அசையாமல் நிற்கும். உரசல் உண்டு, ஆனால் அதே எடை மண்ணுக்கு அதன் மேற்பரப்பு குறைவு. நடுவில் இருப்பதுதான் ஆபத்து. 200 கிலோஹெர்ட்ஸுக்கு 2 முதல் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) விட்டமுள்ள களித்துகள் எமன். 33 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த எமன் 6 மைக்ரான் பக்கம் போய்விடுகிறான். 1948-ல் யூரிக் என்ற அமெரிக்கர் கயோலின் களியையும் மணலையும் தண்ணீரில் கலக்கி அளந்து இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றும் எல்லோரும் கணக்கை அங்கேதான் தொடங்குகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால் வருவது இது. லிட்டருக்கு 1 கிராம் வீதம் 2 மைக்ரான் களி கலந்திருந்தால், 200 கிலோஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.32 டெசிபல் போகும். அதே எடை, ஆனால் 40 மைக்ரான் வண்டல் என்றால் 0.05 தான். களி அதேதான், கருவி 33 கிலோஹெர்ட்ஸ் என்றால் 0.02. கலங்காத நன்னீர் தானாகத் தின்பது 200-ல் மீட்டருக்கு 0.009 டெசிபல், அது கணக்கிலேயே வராது. 3 டெசிபல் போனால் பாதி போச்சு, 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று நினைவில் வையுங்கள். ஒலி போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஆழத்தை இரண்டால் பெருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ஏற்காட்டுக்கு வாருங்கள். மழை பெய்த மறுநாள் ஏரி செக்கச் செவேல் என்று இருக்கும்; மலையின் செம்மண் அத்தனையும் இறங்கியது போலத் தோன்றும். 5 மீட்டர் ஆழம், லிட்டருக்கு 1 கிராம் களி என்றே வைத்துக்கொண்டாலும் போகவர 10 மீட்டருக்கு 3.2 டெசிபல்தான் இழப்பு. எந்தக் கருவியும் அதைத் தாங்கும். மேட்டூரில் அணைப் பக்கம் 30 மீட்டரில் அதே கலங்கல் இருந்தால் 19 டெசிபல். அது வேறு கதை. கண்ணுக்கு எது சிவப்போ அதுதான் ஒலிக்கும் கெட்டது என்று எண்ண வேண்டாம். கண் பார்ப்பது நிறம், ஒலி பார்ப்பது எடையும் துகள் அளவும் தூரமும்.

எதற்கும் முன் ஒரு பாட்டில்

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மேலே படிக்க வேண்டாம். மேல் தண்ணீரை மட்டும் மொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், கலங்கல் கீழேதான் அடர்த்தி. 1 லிட்டர் கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் ஒரு கல்லைக் கட்டி, கார்க்கில் தனியாக ஒரு நூல் கட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்குங்கள். நூலைச் சுண்டினால் கார்க் கழன்று பாட்டில் நிரம்பும். மேலே குமிழி வருவது நின்றதும் தூக்குங்கள்.

தண்ணீர் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, நன்றாகக் குலுக்கி, நிழலில் ஆடாமல் வையுங்கள். வெயிலில் வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே நீர் சுழன்று கணக்கு கெடும். 30 நொடிக்குள் கோட்டுக்கு மேல் தெளிந்தால் அது நுண்மணல். 4 நிமிடம் பிடித்தால் 20 மைக்ரான் வண்டல். காலையில் வைத்தது சாயங்காலம் வரை கலங்கியே நின்றால் களி, 2 மைக்ரான் பக்கம். அது மணிக்கு 1.4 செ.மீ. தான் இறங்கும். தெளியட்டும் என்று படிகாரம் போடுவதோ, அம்மாச்சி வீட்டுப் பானையில் செய்வது போலத் தேற்றாங்கொட்டை உரைப்பதோ கூடாது. அவை துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கிவிடும்; அரை மணியில் தெளிந்ததைப் பார்த்து வண்டல் என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

எடைக்கு வடிதாள் வேண்டாம், களி அதில் நழுவிப் போகும். குலுக்கிய தண்ணீர் 250 மி.லி. ஒரு கிண்ணத்தில், தெளிந்த தண்ணீர் 250 மி.லி. இன்னொன்றில், இரண்டையும் முழுக்கச் சுண்டக் காய்ச்சி எடை போட்டுக் கழியுங்கள். தெளிந்ததில் மிஞ்சுவது கரைந்த உப்பு, அதற்குச் சத்தத்தில் பங்கில்லை. இதற்கு ஆய்வகம் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேட்டால் 10 மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும். என் முதல் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன டச்சுங்க இருக்கும்?" என்று, வெள்ளியின் சுத்தத்தைக் கேட்பது போலப் பட்டறைக்காரர் கேட்டது இன்னும் எங்கள் குழுவில் ஓடும் கேலி.

அறிகுறி: ஆழம் கூடக் கூடத் தரை மெல்ல மங்குகிறது

இதுதான் உண்மையான சேற்றுக் கோளாறின் முகம். மூன்று சேர்ந்து இருக்க வேண்டும். மங்கல் படிப்படியாக வர வேண்டும், திடீரென்று அல்ல. அதே இடத்தில் கருவியை 200-லிருந்து 33 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தரை திரும்பி வர வேண்டும். கரையோர ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தால் 200-லும் தெளிவாக வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

மூன்றும் பொருந்தினால் முதலில் கருவியின் மெனுவில் நீர் வகையைப் பாருங்கள். பல கருவிகள் கடல் நீர் என்ற அமைப்பிலேயே வரும். 200 கிலோஹெர்ட்ஸில் கடல் மீட்டருக்கு 0.05 டெசிபலோ அதற்கு மேலோ தின்னும். பெரும்பங்கு அதில் கரைந்த மெக்னீசியம் சல்பேட்டின் வேலை. (சேலத்து வெள்ளைக்கல்லும் மெக்னீசியம்தானே என்று ஒரு தம்பி கேட்டான். அது கார்பனேட், அதுவும் மலையில் கல்லாகக் கிடக்கிறது. ஏரி கடலாகிவிடாது.) கடல் அமைப்பில் விட்டால் கருவி தேவையில்லாத இழப்பை ஈடுகட்டி, ஆழத்தில் வரும் இரைச்சலையெல்லாம் பெரிதாக்கித் தரைக் கோட்டை அதில் முக்கிவிடும். நன்னீருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது பல்ஸ் நீளம், அதாவது கருவி ஒவ்வொரு தடவையும் அனுப்பும் ஒலித் துணுக்கின் நீளம். இரட்டித்தால் 3 டெசிபல் ஆற்றல் கூடும். 0.1 மில்லிநொடி பல்ஸ் தண்ணீரில் 15 செ.மீ. நீளம், அதைக் கூட்டினால் நுணுக்கம் போகும், ஆனால் 30 மீட்டரில் யார் அதைக் கேட்கப்போகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் 33-லேயே ஓட்டுங்கள். கதிர் அகலம் என்பதால் சரிவுகளில் துல்லியம் குறையும், அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

தெளியக் காத்திருக்கலாமா என்றால், பாட்டில் சொன்ன வேகத்தைப் பாருங்கள். தனித்தனித் துகளாக நிற்கும் களி நாளுக்கு 33 செ.மீ. தான் இறங்கும், 10 மீட்டர் தெளிய ஒரு மாதம். நிஜத்தில் துகள்கள் திரண்டு சீக்கிரமே இறங்கும், காற்றும் அலையும் திரும்பக் கிளறிவிடும். நாள் குறித்துக் காத்திருப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. இரண்டு நாளுக்கு ஒருமுறை பாட்டிலை இறக்குங்கள், அதுவே சொல்லும்.

அறிகுறி: தரை திடீர் திடீரென அறுந்து அறுந்து வருகிறது

இது சேறு இல்லை. எழுதித் தருகிறேன், காற்று.

பண்ணவாடிப் பக்கம் ஒருநாள் காலை முழுக்க எங்களுக்குத் தரையே கிடைக்கவில்லை. தண்ணீர் டீ நிறம். நாங்களும் சேற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த பரிசல்கார அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"தம்பி, அந்த மோட்டார நிறுத்திட்டு என் பரிசல்ல வெச்சுப் பாருங்க."

"பரிசல் சுத்துமேங்கண்ணா?"

"சுத்துனா என்னங்க தம்பி, அடி ஒரே எடத்துலதான இருக்குது."

ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் தலைப்பகுதியான டிரான்ஸ்டியூசரை மூங்கில் கழியில் கட்டிப் பரிசல் விளிம்பில் இறக்கினோம். பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார, முதல் சுற்றிலேயே தரை அச்சடித்தாற்போல வந்தது. அதே தண்ணீர், அதே டீ நிறம். முந்தின நாள் புதிதாக மாட்டிய தாங்கியில் டிரான்ஸ்டியூசர் மோட்டார் கிளப்பும் நுரைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மாட்டியது நான்தான்.

நீர்க்குமிழி ஒலிக்குச் சேற்றைவிடப் பல மடங்கு கொடியது. ஒவ்வொரு குமிழிக்கும் தன் அளவுக்கேற்ற ஒரு சுருதி உண்டு, அந்தச் சுருதியில் ஒலி வந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு அருகே, 0.1 மி.மீ. ஆரமுள்ள குமிழியின் சுருதி ஏறத்தாழ 33 கிலோஹெர்ட்ஸ். 200-க்கு 16 மைக்ரான். படகு திரும்பும்போது அறுந்தாலும், வேகம் கூட்டினால் அறுந்தாலும், அலையில் எகிறும்போது அறுந்தாலும் இதே காரணம்தான். மோட்டாரை அணைத்து இரண்டு நிமிடம் மிதக்க விடுங்கள். தரை வந்தால் வழக்கு முடிந்தது. டிரான்ஸ்டியூசரைப் படகின் நடுப்பகுதிக்கு, அடிப்பலகைக்குக் கீழே தள்ளி மாட்டுங்கள்.

இன்னொன்று, உலர்ந்த டிரான்ஸ்டியூசரை நேராக இறக்கினால் முகத்தில் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒருமுறை துடைத்துவிட்டு இறக்குங்கள். ஏற்காடு ஏரியில் மிதிபடகுகள் ஓடும் நேரத்தில் அளப்பதும் வீண், விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

அறிகுறி: திரையின் மேல்பாதி பளிச், கீழ்ப்பாதி கும்மிருட்டு

தரை தெரியவில்லை என்று கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றியிருப்பீர்கள். ஏற்ற ஏற்ற மேலே மிதக்கும் துகள்களின் எதிரொலிதான் பெருகும், கீழே ஒன்றும் வராது. கலங்கல் கூடினால் எதிரொலியும் கூடும் என்பது ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் போகிற வழியிலேயே ஒலி செத்து, கீழிருந்து வருவது குறைந்துவிடும். கீழே இருட்டாக இருப்பதால் அங்கே தண்ணீர் தெளிவு என்று ஒருவர் அறிக்கை எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நேர்மாறு.

கெயினை இறக்குங்கள், அலைவரிசையை இறக்குங்கள், சந்தேகம் தீர நடு ஆழத்தில் பாட்டிலை இறக்குங்கள்.

அறிகுறி: தரை தெளிவு, எண் மட்டும் தப்பு

இது உறிஞ்சல் சமாச்சாரமே அல்ல. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் டிரான்ஸ்டியூசர் நீருக்குள் இருக்கும் ஆழத்தைக் கருவிக்குச் சொல்லவில்லை. ஆழத்துக்கேற்ப வித்தியாசம் வளர்ந்தால் ஒலி வேகம் தப்பு. நன்னீரில் 20 டிகிரியில் நொடிக்கு 1482 மீட்டர், 30 டிகிரியில் 1509. ஏற்காட்டுக் குளிரில் பொருத்திய எண்ணை மாற்றாமல் மேட்டூர் வெயிலில் ஓட்டினால் 30 மீட்டரில் அரை மீட்டர் பிசகும். கயிற்றில் தட்டுக் கட்டி 5, 10 மீட்டரில் இறக்கிச் சரிபார்த்தால் தீர்ந்தது.

பண்ணவாடி அருகே தரை சட்டென்று எழும்பி இறங்கினால் கருவியைத் திட்டாதீர்கள். 1934-ல் அணை முடிந்து தண்ணீர் ஏறியபோது மூழ்கிய ஊர்களின் கோயிலும் தேவாலயமும் அடியில் நிற்கின்றன; நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் நந்தி வெளியே தெரியும்.

அறிகுறி: 33 ஒரு தரை, 200 இன்னொரு தரை

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் இரண்டும் பொய் சொல்லவில்லை. அடியில் கூழ் போன்ற இளஞ்சேறு படிந்திருக்கும். லிட்டருக்கு 50 கிராம் களி என்று வைத்தால், மேலே சொன்ன கணக்கை ஏறத்தாழ நீட்டிப் பார்க்கலாம்: 200-க்கு மீட்டருக்கு 16 டெசிபல், 33-க்கு 1. அந்தக் கூழின் மேற்பரப்பில் 200 முட்டித் திரும்பும், உள்ளே போனது திரும்பாது. 33 துளைத்துக்கொண்டு போய்க் கெட்டித் தரையைத் தொட்டு வரும்.

முதலில் சரிவா என்று பாருங்கள். 33-ன் அகலக் கதிர் சரிவில் பக்கத்து மேட்டை முதலில் தொடுவதால் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே 33 குறைவாகவும் 200 அதிகமாகவும் காட்டினால் சரிவு. 33 அதிகமாகக் காட்டினால் சேறு.

உறுதி செய்ய இரண்டு கயிறு. ஒன்றில் கூரான ஈயக்குண்டு, இன்னொன்றில் கைப்பிடி நீக்கிய தோசைத் திருப்பி போல அகலமான தட்டு. தட்டு கூழின் மேலே தயங்கும், குண்டு இறங்கிப் போகும். குண்டை மெல்ல இழுத்தால் முதலில் வழவழவென்று வந்து, பிறகு சட்டென்று லேசாகும். அந்த லேசாகும் இடம்தான் கூழின் மேல்விளிம்பு. கயிற்றில் சேறு பூசிய நீளத்தை அளந்து, இரண்டு அலைவரிசைகளின் வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போனால் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். நீர்க் கொள்ளளவுக்கு நான் 200-ஐ எடுப்பேன், எவ்வளவு தூர்வாரலாம் என்ற கேள்விக்கு வித்தியாசத்தை எடுப்பேன். சராசரி போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த ஆழத்தில் மேல்தரையும் இல்லை, அடித்தரையும் இல்லை.

அறிகுறி: சேற்றுக்குள் 33-ம் போகவில்லை

ஏற்காடு ஏரி மாதிரி இலையும் சருகும் விழும் இடங்களில் பார்க்கலாம். தரை பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழே வழித்தெடுத்தாற்போல வெறுமை. சருகு மக்கிச் சேற்றுக்குள் வாயு குமிழிகளாகத் தங்கியிருக்கும். அலைவரிசையை இன்னும் குறைத்தாலும் பெரிதாகப் பயனில்லை. கழியால் குத்திப் பாருங்கள், பொலபொலவென்று குமிழி எழுந்து, முட்டை அழுகின வாடை வந்தால் அதுதான். அங்கே சேற்றின் கனத்தைக் கழியால் மட்டுமே அளக்க முடியும்.

அறிகுறி: கட்டிப்போட்ட படகு எதிர்நீச்சல் போடுகிறது

ஆற்றிலும் வாய்க்காலிலும் நீரோட்டம் அளக்கும் டாப்ளர் கருவியில் வரும். அவை 600, 1200 கிலோஹெர்ட்ஸ் என்று ஓடுபவை. 1200-ல் அதே 1 கிராம் களி மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டெசிபல் தின்னும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற, கண்ணுக்குச் சாதாரணமான கலங்கலே 10 மீட்டரில் போகவர 7 டெசிபல் வாங்கிவிடும். ஆகவே முதலில் ஆழமான இடங்களில் தரை காணாமல் போகும். அதற்கு 600-க்கு மாறுவதுதான் வழி.

படகு நங்கூரத்தில் நிற்க, கருவி அது மேல்நோக்கி நகர்கிறது என்று காட்டினால் அது வேறு. வெள்ளத்தில் அடிமணலே உருண்டு ஓடுகிறது, கருவி அதை அசையாத தரை என்று நம்பித் தன்னை நகர்வதாக எண்ணிக்கொள்கிறது. அந்த அளவுக்கு நீரோட்ட வேகமும் குறைவாகப் பதிவாகும். ஜி.பி.எஸ்ஸை ஆதாரமாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு கரையில் கிளம்பி மறுகரை போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வாருங்கள். வந்து சேர்ந்த பிறகும் நீங்கள் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் இத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று கருவி காட்டும். அந்த மீட்டரைச் சுற்றிவர ஆன நொடிகளால் வகுத்தால் அடிமணல் ஓடும் வேகம் கிடைக்கும். அதைக் கூட்டிக்கொண்டு கணக்கை முடியுங்கள்.